கணினித் திண்ணையும் அதன் தாழ்ப்பாளும்

ஆனி பிறந்து, மேற்கு மலையின் உச்சியில் மேகம் இறங்கி, தென்காசி வீதிகளில் வெயிலும் தூறலும் மாறி மாறி விழத் தொடங்கிவிட்டால், இவ்வூரில் மேசைக் கணினி வைத்துத் தொழில் செய்கிற ஒவ்வொருவருடைய திரையிலும், மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும், சில சமயம் சிங்கப்பூரிலிருந்தும்கூட, குற்றாலத்து அருவியைப் பற்றிய ஒரே கேள்வி நாளைக்குப் பத்துத் தரம் வந்து விழும்: "சீசன் எப்படி? தண்ணி விழுதா?" கேட்கிறவர் மைத்துனராகவோ, கூடப் படித்தவராகவோ, மகளைக் கொடுத்த இடத்துச் சம்பந்தியாகவோ இருப்பார், பதில் சொல்லாமல் இருந்துவிட முடியாது. ஆனால் அதே வேளையில் மேசைக்கு எதிரே ஒருவர் பத்திர நகலுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்; அல்லது அன்று மாலைக்குள் ஏற்றியாக வேண்டிய ஜி.எஸ்.டி. கணக்கு பாதியில் நிற்கும். மூலையில் ஒரு பெட்டி எழும். ஒரு மணி ஒலிக்கும். கை விசைப்பலகையை விட்டு அங்கே போகும். போன கை திரும்பி வரும்போது கணக்கில் எந்த வரியில் நின்றோம் என்பது மறந்திருக்கும். இந்தச் சின்னச் சங்கடத்தின் காரணத்தைத் தேடப் போய்த்தான், கணினியில் இயங்கும் தூதுச் செய்தி நிரல்களின் 'அமைப்புகள்' என்னும் பக்கத்தைப் பற்றி நான் இவ்வளவு தூரம் யோசிக்க நேர்ந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வட்டாரத்து அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் கணினி நிறுவிக் கொடுத்துப் பராமரித்து வருகிறவன் நான். தூது நிரல் ஒன்றை நிறுவுவதற்குச் சில நிமிஷம் போதும். நிறுவிய பிறகு அமைப்புகளைத் திறந்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செருப்பு வாங்கினால்கூடக் கடிக்கிறதா என்று கடைக்குள்ளேயே நாலடி நடந்து பார்க்கிற நம்மவர்கள், நாள் முழுவதும் கண்ணெதிரே நிற்கப்போகிற ஒரு நிரலை, அதைச் செய்தவர் எப்படி வைத்து அனுப்பினாரோ அப்படியே ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். 'டீஃபால்ட்' என்று எங்கள் தொழிலில் சொல்லப்படும் அந்த முன்னமைப்பு, யாரோ ஒருவர் எங்கோ இருந்துகொண்டு நமக்காகச் செய்துவிட்ட தீர்மானம் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பவை யந்திர சம்பந்தமான நுணுக்கங்கள், அவை கணினிக்காரன் விஷயம் என்பது பொது எண்ணம். ஆனால் அங்கே கேட்கப்படுகிற கேள்விகளைச் சற்று நிதானமாகப் படித்தால், அவை நம் வீட்டுத் திண்ணையைப் பற்றிய பழைய கேள்விகளே என்பது விளங்கும். நான் வீட்டில் இருக்கிறேன் என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டியது யார்? வருகிறவர் வாசலில் நின்று கூப்பிட வேண்டுமா, நேரே அடுக்களை வரைக்கும் வந்துவிடலாமா? வந்த கடிதத்தை நான் படித்துவிட்டேன் என்ற சமாசாரம் எழுதியவருக்கு என் அனுமதியில்லாமலே போய்ச் சேரலாமா?

இந்த ஆராய்ச்சியைத் தென்காசியில் உட்கார்ந்து செய்வதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. இங்கிருந்து சில மைல் தூரத்தில், மலையடிவாரத்திலுள்ள மத்தளம்பாறையில், ஜோஹோ நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் ஒரு கிளையைத் தொடங்கியது. 1996-இல் அட்வெண்ட்நெட் என்ற பெயரோடு பிறந்து, 2009-இல் இப்போதைய பெயரை ஏற்ற அந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, 2019 முதல் இப்பகுதியையே தமது வாசஸ்தலமாகக் கொண்டிருக்கிறார். உலகெங்கும் விற்பனையாகிற ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருளின் உருவாக்கத்தில் பெரும்பங்கு இந்த மலையடிவாரத்து இளைஞர்களுடையது. அதே நிறுவனம் 2021 ஜனவரியில், வாட்ஸ்அப் தன் அந்தரங்கக் கொள்கையைத் திருத்தப்போவதாக அறிவித்து உலகமெல்லாம் சலசலத்துக்கொண்டிருந்த அந்த மாதத்தில், 'அரட்டை' என்ற தமிழ்ப் பெயரையே சூட்டி ஒரு தூது நிரலை வெளியிட்டது. நாலரை ஆண்டுக் காலம் அதிகம் பேசப்படாமல் இருந்த அது, 2025 செப்டம்பரில் திடீரென்று நாடெங்கும் பேச்சாகி, நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் நாளொன்றுக்கு 3,50,000 பேர் சேரும் நிலைமை உண்டாகிவிட்டது என்று வேம்புவே அறிவிக்கும்படி ஆயிற்று. தொலைபேசிக்கு மட்டுமன்றி விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளுக்கும் அது கிடைக்கிறது. ஆகவே, டெல்லியில் இருப்பவர் ஒருவர் இன்று தம் கணினியில் 'அரட்டை'யை எப்படி அமைத்துக்கொள்வது என்று கேட்டால், அந்தக் கேள்வி சுற்றி வந்து இந்த வட்டாரத்தின் வாசலிலேயே நிற்கிறது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அரட்டை என்ற சொல்லுக்கு நம் பெரியவர்கள் பெரிய கௌரவம் கொடுத்ததில்லை. வேலையற்றவன் அடிப்பது அரட்டை. ஆயினும் பேச்சை ஒரு கலையாக மதித்துப் போற்றிய மனிதர் ஒருவரும் இந்த மண்ணில் வாழ்ந்திருக்கிறார். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் தம் இல்லத்தில் கூட்டிய வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டமும், பிற்காலத்தில் குற்றாலத்தில் அவர் குடியிருந்தபோது ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து கழித்த பொழுதுகளும் இலக்கிய உலகம் அறிந்தவை. அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களோ, பின்னர் நூலாகவே தொகுக்கப்பட்டன. நேரில் இருப்பவருக்குப் பேச்சு, தூரத்தில் இருப்பவருக்குக் கடிதம் என்று இரண்டுக்கும் அவர் காலத்தில் தனித்தனி நடை இருந்தது, தனித்தனி வேகமும் இருந்தது. பேச்சுக்கு மறுமொழி அந்தக் கணமே வர வேண்டும். கடிதத்துக்கு நாலு நாள் பொறுக்கலாம். தூது நிரல் செய்த காரியம், இந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டியது: உருவத்தில் அது கடிதம், அவசரத்தில் அது பேச்சு. அமைப்புகள் பக்கத்தில் காணப்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் கலப்படத்தின் குழந்தைகள்.

பழைய சரித்திரத்தைச் சற்றுப் பார்த்தால் இது தெளிவாகும். பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினன் 1988-இல் உருவாக்கிய ஐ.ஆர்.சி., பலர் கூடிப் பேசும் கூடம் போன்றது. அதில் தனிமனிதனின் வாசலுக்கு அதிக முக்கியத்துவம் இல்லை. 1996-இல் இஸ்ரேலின் மிராபிலிஸ் என்ற சிறு நிறுவனம் ஐசிக்யூவை வெளியிட்ட பிறகுதான், யார் இப்போது கணினி முன்னால் இருக்கிறார் என்பதைக் காட்டும் நண்பர் பட்டியல் பொதுமக்கள் கைக்குப் பரவலாக வந்தது. அந்த நிரலில் ஒருவர் தம் நிலையைத் தாமே தேர்ந்து வைக்கலாம்: இருக்கிறேன், பேச ஓய்வுண்டு, எழுந்து போயிருக்கிறேன், நெடுநேரம் வரமாட்டேன், வேலையாக இருக்கிறேன், தொந்தரவு செய்ய வேண்டாம், மறைந்திருக்கிறேன். மனிதனின் ஒரு நாளைய மனநிலை முழுவதும் அந்தச் சிறு பட்டியலில் அடங்கியிருந்தது என்பேன். இணையத்தின் நெறிகளை வகுப்போர் 2000 பிப்ரவரியில் வெளியிட்ட ஓர் ஆவணம், செய்தி பரிமாறுவதையும் 'இருப்பு' அறிவிப்பதையும் இரண்டு தனிச் சேவைகளாகவே பிரித்துக் காட்டியது. ஜெரமி மில்லர் தொடங்கிய ஜாபர் திட்டத்திலிருந்து வளர்ந்த எக்ஸ்.எம்.பி.பி. நெறியோ, 2004-இல் அந்த இருப்பின் வகைகளை நாலு சொற்களுக்குள் சுருக்கி நிர்ணயம் செய்தது. 1999 ஜூலையில் வந்த எம்.எஸ்.என். மெசஞ்சரில், இத்தனை நிமிஷம் கை வைக்காவிட்டால் 'வெளியே சென்றிருக்கிறார்' என்று காட்டு என்ற கட்டளை இருந்தது. அந்த நிமிஷக் கணக்கையும் உடையவரே எழுதிக்கொள்ளலாம். யாஹூ மெசஞ்சரிலோ சாப்பாட்டுக்குப் போயிருக்கிறேன், தொலைபேசியில் இருக்கிறேன் என்பவற்றையெல்லாம் அச்சடித்த பலகைபோல எடுத்து மாட்டலாம். வேண்டுமானால் சொந்த வாசகமும் எழுதலாம்.

யாஹூ மெசஞ்சர் 1998-இல் 'பேஜர்' என்ற பெயரில் பிறந்தது. தென்காசிக்கு அது வந்து சேர்ந்தது பிரவுசிங் சென்டர்களின் வழியாக. மரப்பலகைத் தடுப்புக்குப் பின்னே ஒரு பழைய மானிட்டரும், எழுத்து அழிந்த விசைப்பலகையும், மணிக்கு இவ்வளவு என்று எழுதிய அட்டையுமாக இருந்த அந்த அறைகளில்தான், வளைகுடா நாடுகளில் வேலைக்குப் போயிருந்தவர்களின் வீட்டார் மாலை நேரங்களில் வந்து கூடினார்கள். நுழையும் பக்கத்தில் மூன்று சிறு கட்டங்கள் இருக்கும்: என் பெயரையும் கடவுச்சொல்லையும் நினைவில் வை, தானாகவே என்னை உள்ளே விடு, மறைவாக உள்ளே விடு. முதலிரண்டும் வீட்டுக் கணினிக்குச் சௌகரியம். பத்துப் பேர் மாறி மாறி உட்காரும் பொதுக் கணினிக்கு அவை ஆபத்து.

அந்த ஆபத்தை நான் கண்ணால் கண்டது 2003-ஆம் ஆண்டு வாக்கில். அப்படிப்பட்ட ஒரு சென்டரில் நாற்காலி காலியானதும் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னே இருந்தவர் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். நிரலோ சாத்தப்படாமல், திரையின் அடியில் கடிகாரத்தின் பக்கத்தில் சின்ன முகமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி ஒலித்தது. ஆங்கில எழுத்தில் தமிழ் வந்து விழுந்தது: "ஏலே, சாப்ட்டியா? அம்மைக்கு மாத்திர வாங்கியாச்சா?" பதில் சொல்லாமல் விடலாம், ஆனால் மருந்து விஷயம். "அண்ணாச்சி, உங்க தம்பி எழுந்து போயிட்டாவ. நான் வேற ஆளு" என்று தட்டினேன். சற்று நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது: "அப்பம் நீங்க பாத்தியளா, கையில மருந்துப் பொட்டலம் இருந்துச்சா?" இருந்ததாக நினைவு என்று சொல்லிவிட்டு, வெளியேறும் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தி, முதற்கட்டத்திலும் இரண்டாவதிலும் இருந்த டிக்கை எடுத்துவிட்டு என் காரியத்தைப் பார்த்தேன். ஜன்னலைச் சாத்துவது வேறு, நிரலை விட்டு வெளியேறுவது வேறு என்ற பாடத்தை இன்றைக்கும் நான் ஒவ்வோர் அலுவலகத்திலும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பல நிரல்களில் மேலே உள்ள பெருக்கற்குறி இன்னும் அவற்றை மூலைக்கு அனுப்புகிறதேயன்றி வெளியே அனுப்புவதில்லை.

ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது என்றேன். தமிழ் எழுத்திலேயே எழுத விரும்பியவர் அக்காலத்தில் பட்ட பாடு, அமைப்புகளின் வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளும் அரசின் அங்கீகாரம் பெற்றன. இணையத்துத் தமிழர் பலர் கையாண்டதோ டிஸ்கி என்ற இன்னொரு முறை. தூது நிரலின் அமைப்பில் எழுத்துரு என்ற இடத்துக்குச் சென்று, டிஸ்கி எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து வைத்தாலன்றி, வந்த செய்தி ஐரோப்பிய எழுத்துகள் குழம்பிக் கிடக்கும் குப்பையாகவே தெரியும். அனுப்புகிறவர் வைத்தால் மட்டும் போதாது, பெறுகிறவரும் அதே எழுத்துருவை வைத்திருக்க வேண்டும். ஆகையால் நலம் விசாரிப்பதற்கு முன்னே எழுத்துரு விசாரிப்பது அந்நாளைய சம்பிரதாயம். மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசு அஞ்சலும், இலவசமாகக் கிடைத்த இ-கலப்பையும், யூனிகோடும் வந்து அந்தத் துன்பம் தீர்ந்தது. இப்போது மிஞ்சியிருப்பது ஒரு சில்லறைத் தொல்லை: ஆங்கிலத்துக்கு மட்டும் எழுத்துப்பிழை பார்க்கத் தெரிந்த நிரல், நாம் எழுதும் தமிழ்ச் சொல் ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு நெளிகோடு போட்டுக்கொண்டே வரும். சிக்னல், டெலிகிராம் ஆகியவற்றின் கணினிப் பதிப்புகளில் அந்தப் பிழை பார்ப்பதை நிறுத்திவிடலாம். நிறுத்தியபின் நம் மொழி நிரபராதியாகிவிடும்.

இனி, நான் முக்கியமாகக் கருதுகிற மாற்றத்துக்கு வருகிறேன். 2009-இல் தொடங்கிய வாட்ஸ்அப் தொலைபேசிக்கென்றே பிறந்தது. 2015 ஜனவரியில் உலாவி வழியாகக் கணினித் திரைக்கும், 2016-இல் தனி நிரலாகவும் வந்தது. சட்டைப்பையில் எந்நேரமும் கிடக்கிற கருவியில் 'இருக்கிறேன், இல்லை' என்று பலகை மாட்டுவதற்குப் பொருளில்லை என்று எண்ணினார்களோ என்னவோ, அந்த வேலையை மனிதன் கையிலிருந்து யந்திரம் எடுத்துக்கொண்டது. கடைசியாக எப்போது வந்தார் என்பதை அது தானே குறித்துவைத்துப் பிறருக்குச் சொல்லியது. 2014 நவம்பரில் நீல நிற இரட்டைக் குறிகள் வந்து, படித்துவிட்டார் என்பதையும் சொல்லத் தொடங்கின. முன்னே நான் என்னைப் பற்றி அறிவித்தேன். இப்போது என்னைப் பற்றி அறிவிக்கப்படுகிறது. அன்றைய அமைப்புகள் ஒன்றைச் சொல்வதற்காக இருந்தன. இன்றைய அமைப்புகளில் பெரும்பகுதி, சொல்லப்பட்டுவிட்ட ஒன்றை மறைப்பதற்காக இருக்கின்றன. கடைசி வருகையை எல்லோருக்கும் காட்டலாம், தெரிந்தவர்களுக்கு மட்டும் காட்டலாம், அவர்களிலும் சிலரை நீக்கிக் காட்டலாம், ஒருவருக்கும் காட்டாமலும் இருக்கலாம் என்று வகை பிரித்தார்கள். இந்தக் கணத்தில் திறந்துவைத்திருக்கிறேன் என்பதை மறைக்கும் வசதி 2022-இல்தான் வந்து சேர்ந்தது. மறைப்பவர் பிறருடைய வருகையையும் பார்க்க முடியாது என்ற நிபந்தனையில் ஒரு தர்மம் இருக்கிறது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். படித்த குறியை நிறுத்தினாலும் குழுக்களில் அது நிற்பதில்லை என்பதை மட்டும் புதிதாக மாற்றியமைப்பவர் மறந்துவிடக் கூடாது. தெருக் குழுவில் படித்துவிட்டுச் சும்மா இருந்த பாவம் அங்கே பதிவாகிக்கொண்டேதான் இருக்கும்.

தாமே பலகை மாட்டிக்கொண்ட அந்தப் பழைய நிரல்கள் ஒவ்வொன்றாக மறைந்தும் போயின. அமெரிக்கா ஆன்லைனின் ஏ.ஐ.எம். 2017 டிசம்பர் 15-ஆம் தேதியும், யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை 17-ஆம் தேதியும், ஐசிக்யூ 2024 ஜூன் 26-ஆம் தேதியும், ஸ்கைப் 2025 மே 5-ஆம் தேதியும் மூடப்பட்டன. பிள்ளை பிறந்து படித்து வேலைக்குப் போகிற காலத்துக்குள், அடுத்தடுத்துப் பிறந்து அடுத்தடுத்து அஸ்தமித்தவை.

இருப்புக்கு அடுத்தபடி அறிவிப்பு. தென்காசியில் ஒரு கணக்காயர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே கணக்கு எழுதும் பெண்மணி, வந்திருந்த கட்சிக்காரருக்கு அவருடைய வரவுசெலவைக் காட்டுவதற்காகத் திரையை அவர் பக்கம் திருப்பினார். அந்த நேரம் பார்த்து வலதுமூலையில் ஒரு பெட்டி எழுந்தது. அனுப்பியவர் வெளியே போயிருந்த முதலாளி. "அந்த ஆளு போன வருசப் பாக்கியே இன்னும் தரல. கறாராப் பேசும்மா" என்ற வாசகம் முழுவதும் அந்தப் பெட்டியில் பளிச்சென்று தெரிந்தது. கட்சிக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார். வரவுசெலவைவிட நிதானமாகவே படித்தார். பிறகு, "குடுத்திருவோம்மா" என்று சொல்லி எழுந்தார். பாக்கி வந்ததாம், ஆயினும் அந்தப் பெண்மணி அன்று மாலையே எனக்கு ஆள் அனுப்பினார். "கேக்காமலே மூலையில வந்து எட்டிப் பாக்குதே அண்ணாச்சி, இத நிறுத்த வழியே கிடையாதா?"

வழி உண்டு, இரண்டு இடத்தில் உண்டு என்பதுதான் குழப்பம். நிரலின் அறிவிப்பு அமைப்பில், வாசகத்தின் முன்தோற்றத்தை நீக்கி அனுப்பியவர் பெயர் மட்டும் தெரியச் செய்யலாம். பெயரும் வேண்டாமென்றால், ஏதோ வந்திருக்கிறது என்ற குறிப்போடு நிறுத்தலாம். டெலிகிராமின் கணினிப் பதிப்போ, பெட்டி திரையின் எந்த மூலையில் எழ வேண்டும், ஒரே சமயத்தில் எத்தனை எழலாம் என்றுகூடக் கேட்கிறது. இது முதல் இடம். இரண்டாவது, விண்டோஸின் சொந்த அமைப்பு; அங்கே ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனியாக வாய்ப்பூட்டு போடலாம், திரையைப் பெரிய திரையில் பிரதிபலித்துக் காட்டும்போது எல்லா அறிவிப்பையும் தானாகவே அடக்கிவைக்கச் செய்யலாம். ஓரிடத்தில் மூடி மற்றோரிடத்தில் திறந்துவைத்துவிட்டு, 'நிறுத்தினேன், நிற்கவில்லை' என்றோ, 'திறந்தேன், வரவில்லை' என்றோ முறையிடுகிறவர்களே என் வாடிக்கைக்காரர்களில் அதிகம். தனித்தனிக் குழுவை ஊமையாக்க வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று கால அளவு வைத்திருக்கிறார்கள். குற்றாலத்துக்காரனுக்கு அவை போதா. 'சாரல் முடியும்வரை' என்று நாலாவதாக ஒன்று சேர்க்க வேண்டுமென்று மத்தளம்பாறைக்கு விண்ணப்பம் போடலாமா என்று நான் யோசித்ததுண்டு.

எண்டர் விசையைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. எழுதத் தக்க விஷயம் அது. பெரும்பாலான நிரல்களில் அந்த விசையைத் தட்டினால் செய்தி போய்விடும். அடுத்த வரிக்கு வர வேண்டுமானால் ஷிஃப்டையும் சேர்த்துத் தட்ட வேண்டும். பத்தி பத்தியாகக் கடிதம் எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய இடையூறு. இலஞ்சியில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், 'அன்புள்ள தம்பிக்கு' என்று எழுதி எண்டரைத் தட்டுவார். அந்த அளவில் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். 'இங்கு யாவரும் நலம்' என்று தொடங்கித் தட்டுவார்; அதுவும் போய்விடும். எதிர்ப்புறத்தில் தம்பியின் கணினி ஒன்பது தரம் மணியடித்து ஓய்ந்த பிறகு ஒரு கடிதம் முற்றுப்பெறும். டெலிகிராமில் கண்ட்ரோலும் எண்டரும் சேர்ந்தால்தான் அனுப்பு என்று மாற்றிக்கொள்ள இடமிருந்ததால், அவருக்கு அதை மாற்றிக் கொடுத்தேன். ஒரே ஒரு பொத்தானின் குணத்தை மாற்றியதில் அவருடைய உரைநடை திரும்பி வந்துவிட்டது. இப்போது வாக்கியங்களை முடித்து, திருத்தி, ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்த பிறகே அனுப்புகிறார்.

கணினி எழும்போதே நிரலும் எழ வேண்டுமா என்ற கேள்வியில் நீண்ட விவாதம் தேவையில்லை. பழைய இயந்திரமானால் வேண்டாம் என்பேன். படங்களும் காணொளிகளும் தாமே இறங்கும் அமைப்பையும் அலுவலகக் கணினியில் அணைத்துவிடுவதே நலம். காலை வணக்கப் பூக்களாலேயே நிரம்பி மூச்சு முட்டிய 'சி' டிரைவ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தரங்கத்தின் விஷயம் அப்படிச் சுருக்கக் கூடியதன்று. 2025 செப்டம்பரில் 'அரட்டை' பெரும் கூட்டத்தை எதிர்கொண்டபோது எழுந்த முதல் ஆட்சேபணை இதைப் பற்றியதே: அதில் குரல், காணொளி அழைப்புகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது, சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு முன்னமைப்பாக அது அப்போது இல்லை, வேண்டுபவர் இரகசிய உரையாடலைத் தனியே திறந்துகொள்ள வேண்டும். 2016 ஏப்ரலிலேயே வாட்ஸ்அப் எல்லாச் செய்திகளுக்கும் அதைக் கொண்டுவந்துவிட்டிருந்ததால், ஒப்பீடு உடனே எழுந்தது, எழுந்தது நியாயமே. முன்னமைப்பு என்பது பெரும்பான்மையோரின் நிரந்தர அமைப்பு என்பதால், விரும்பினால் மறைத்துக்கொள் என்பதற்கும், மறைத்தே வைத்திருக்கிறேன் என்பதற்கும் உள்ள தூரம் சின்னதல்ல. ஆனால் கணினிக்காரன் என்ற முறையில் நான் சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. எவ்வளவு உறுதியான மறையாக்கமும் வழியில் போகிற கடிதத்தையே காக்கும். வந்து சேர்ந்து பிரித்து மேசைமேல் வைத்த கடிதத்தைக் காக்காது. தேநீர் குடிக்க எழுந்து போனவரின் நாற்காலியில் உட்காருகிறவருக்கு எந்தக் கணிதமும் தடையில்லை. திரைப் பூட்டு, டெலிகிராமில் உள்ளதுபோன்ற உள்ளூர்க் கடவுச்சொல், தொலைபேசியில் இணைத்த சாதனங்கள் என்ற பட்டியல் ஆகிய இவற்றையே நான் முதலில் பார்ப்பேன். வாட்ஸ்அப்பில் ஒரு தொலைபேசியோடு நாலு சாதனங்கள் வரை இணைக்கலாம். தொலைபேசியைப் பதினாலு நாள் தொடாவிட்டால் அவை தாமே விலகும். ஆனால் வேலையை விட்டுப் போன பையனின் தொலைபேசி அவன் பையில் நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்கும், அவனுடைய உரையாடல்களும் பழைய முதலாளியின் கணினியில் நன்றாகவே வந்து விழுந்துகொண்டிருக்கும்.

இது சம்பந்தமாக ஒரு பழைய நேர்மையையும் குறிப்பிட வேண்டும். கெய்ம் என்ற பெயரில் மார்க் ஸ்பென்சர் 1998-இல் தொடங்கி, 2007-இல் பிட்ஜின் எனப் பெயர் மாறிய கட்டற்ற நிரல், பல நிறுவனங்களின் தூதுச் சேவைகளை ஒரே ஜன்னலில் கூட்டித் தந்தது. சேமிக்கச் சொன்ன கடவுச்சொற்களை அது எந்த ஒப்பனையும் இல்லாமல் ஒரு கோப்பில் வெற்றெழுத்தாகவே வைத்திருந்தது. கேட்டவர்களுக்கு அதை ஆக்கியவர்கள் சொன்ன சமாதானம் இது: நிரல் தானே திறக்கக்கூடிய பூட்டை மற்றவர்களும் திறக்கலாம், பூட்டியதுபோல் காட்டி உங்களை ஏமாற்றுவதைவிட, பூட்டவில்லை என்று சொல்லிவிடுவது மேல், அஞ்சுகிறவர் சேமிக்காதிருக்கலாம். இந்தப் பதிலை ஏற்காதவர் பலர். எனக்கு என்னவோ, அந்தப் பதிலில் இருந்த மரியாதை, பின்னால் வந்த பெரிய நிறுவனங்களின் வழவழப்பான உறுதிமொழிகளில் தென்படவில்லை.

பல சேவைகளை ஒரே ஜன்னலில் கூட்டுவது இப்போது கடினமான காரியமாகிவிட்டது. கூகுள் டாக் 2005-இல் எக்ஸ்.எம்.பி.பி. நெறியை ஏற்று, மறு ஆண்டில் பிற சேவையகங்களோடு பேசவும் வழிவிட்டது. 2013-இல் ஹேங்அவுட்ஸ் வந்து அந்த வாசல் அடைபட்டது. மின்னஞ்சலையும் யு.பி.ஐ.யையும்போல ஒரு தூது நிரலிலிருந்து இன்னொன்றுக்குப் பேச வழியிருக்க வேண்டும் என்று வேம்பு இப்போது சொல்லிவருகிறார். அது நிறைவேறினால் அமைப்புகள் பக்கத்துக்கே புதிய அர்த்தம் பிறக்கும். எந்த வீட்டில் குடியிருப்பது என்பதையும் நாமே தேர்ந்துகொண்டு, பேச வேண்டியவர்களோடு பேசவும் முடியும். அதுவரையில் மைத்துனருக்கு ஒரு நிரல், சம்பந்திக்கு ஒரு நிரல், அலுவலகத்துக்கு ஒரு நிரல் என்று மூன்று திண்ணைக்கும் மூன்று தாழ்ப்பாள் போட்டுத் திறந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

என் சொந்தக் கணினியில் முன்தோற்றத்தையும் ஒலியையும் அணைத்துவிட்டேன். நீலக் குறியையும் எடுத்துவிட்டேன். பலகை மாட்டும் பழைய வழக்கத்தை மட்டும் விடவில்லை. பெயருக்குக் கீழே சுயவிவரத்தில் ஒரு வரி எழுத எல்லா நிரலிலும் இன்னும் இடம் விட்டிருக்கிறார்கள். போன ஆனியில் அங்கே, 'ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் விழுகிறது. மெயினருவியில் ஆர்ச் வரைக்கும். நல்ல சாரல்' என்று எழுதி வைத்தேன். கேள்வி கேட்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்வார்கள் என்பது எண்ணம். மதுரை மைத்துனர் பார்த்துவிட்டார். பார்த்த கையோடு தொலைபேசியில் கூப்பிட்டு, "அத்தான், நீங்க போட்டிருக்கது இன்னைக்குள்ளதா, நேத்து உள்ளதா?" என்றார்.